சாவி கையில் இருந்தும் திறக்காத கதவு
(மின்சாரக் கார் வைத்திருக்கும் வணிகர்களுக்கு ஒரு பாடம்)



நம் அங்கத்தினர்களில் பலர் இப்போது மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார்கள். இரவில் கிட்டங்கியில் சார்ஜில் போட்டுவிட்டு, காலையில் வசூலுக்குக் கிளம்பிவிடலாம். பெட்ரோல் பங்கில் நிற்கும் வேலை இல்லை. கிலோ மீட்டருக்கு ஆகும் செலவும் குறைவு. இந்தக் கணக்கெல்லாம் நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் காரில் ஒரு சிறிய விஷயம் இருக்கிறது. விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவர் கேட்பதில்லை. அது தெரியாமல் நாம் பட்ட பாட்டை மற்றவர்கள் படக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நாம் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவர், மெக்கானிக் அல்ல. பட்டபின் காரோடு கொடுத்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தும், விவரம் அறிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றையே இங்கே தருகிறோம்.

நமக்கு நேர்ந்தது

2024 மே மாதம் குடும்பத்தோடு காசி யாத்திரை போனோம். காரை விருதுநகரில் நம் கிட்டங்கிக்குள் நிறுத்திப் பூட்டிவிட்டு, ஒன்பது நாள் கழித்துக் காலை ரயிலில் வந்து இறங்கினோம். குல்பர்காவிலிருந்து 100 குவிண்டால் துவரம் பருப்பு பேசி வைத்திருந்தோம். பகல் 12 மணிக்குள் வங்கி மூலம் பணம் போனால் பேசிய விலை. இல்லையென்றால் சரக்கு வேறு பார்ட்டிக்கு என்று மில்காரர் முன்பே சொல்லியிருந்தார். காசோலைப் புத்தகத்தைக் காரின் முன்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனது நம்முடைய அஜாக்கிரதை.

காலை 9 மணிக்குக் கார் அருகே போய்ச் சாவியின் பொத்தானை அழுத்தினோம். விளக்கு மின்னவில்லை; சத்தம் இல்லை; கதவு அசையவில்லை. சாவிக்குள் இருக்கும் பொத்தான் செல் தீர்ந்திருக்கும் என்று மகன் புதிது வாங்கிப் போட்டார். பயனில்லை. காரின் பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டது போலும் என்று சார்ஜரைச் செருகினோம். அதற்கும் அசையவில்லை. கம்பெனி உதவி எண்ணுக்குப் பேசியதில், ஆள் வர மாலை ஆகும் என்றார்கள். பிறகு பூட்டுக்காரரை அழைத்தோம். அவர் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே இரும்புப் பட்டையை விட்டுக் குடைந்ததில் ரப்பர் கிழிந்து, பெயிண்டும் கீறியது. கதவு மட்டும் திறக்கவில்லை.

மணி 1 ஆயிற்று. மூட்டை இறக்க வந்த லோடு வண்டி டிரைவர், வயது இருபத்தைந்து இருக்கும், தயங்கித் தயங்கி அருகே வந்தார்.

“முதலாளி, தப்பா நினைக்காதீங்க. இந்தச் சாவிக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி இருக்குமே, அதை எடுத்துப் பார்த்தீங்களா?”

“இதுக்குள்ளே ஏது தம்பி சாவி?” என்றோம்.

அவர் அதை வாங்கி, பக்கவாட்டில் இருந்த சிறு பித்தானைத் தள்ளி இழுத்தார். விரல் நீளத்தில் ஒரு சாவி வெளியே வந்தது. டிரைவர் பக்கக் கைப்பிடியின் ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் மூடியை நெம்பினார். அதற்குள் சாவித் துவாரம்! ஒரு திருகு, கதவு திறந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக அந்தச் சாவி நம் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது.

அதற்குள் நேரம் கடந்துவிட்டது. மறுநாள் அதே பருப்பை குவிண்டாலுக்கு 200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினோம். 20,000 ரூபாய் கை நஷ்டம். ரப்பரும் பெயிண்டும் தனி.

ஒரு காரில் இரண்டு பேட்டரி

லோடு வண்டியின் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்துக் காருக்கு உயிர் வந்ததும் திரையைப் பார்த்தோம். பெரிய பேட்டரியில் நூற்றுக்கு 74 பங்கு சார்ஜ் அப்படியே இருந்தது. அப்படியானால் தீர்ந்துபோனது எது?

இங்கேதான் பாடம் தொடங்குகிறது. மின்சாரக் காரில் பேட்டரி ஒன்றல்ல, இரண்டு. சக்கரத்தை ஓட்டுவது தரைக்கடியில் இருக்கும் பெரிய பேட்டரி. உதாரணமாக, 2020-இல் விற்பனைக்கு வந்த டாடா நெக்ஸான் ஈவி காரில் அதன் கொள்ளளவு 30.2 யூனிட், அழுத்தம் 300 வோல்ட்டுக்கு மேல். இரண்டாவது, சாதாரண பெட்ரோல் காரில் இருப்பதைப் போன்ற 12 வோல்ட் பேட்டரி. 40 ஆம்பியர்-மணி பேட்டரி என்று வைத்துக்கொண்டால் 12 × 40 = 480. அதாவது அரை யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு.

கதவுப் பூட்டு, விளக்கு, ஹாரன், துடைப்பான், காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் எல்லாம் அந்தச் சிறிய பேட்டரியில்தான் வேலை செய்கின்றன. அது மட்டுமல்ல. கார் நிற்கும்போது பாதுகாப்பு கருதிப் பெரிய பேட்டரியின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கும். அந்த இணைப்பைச் சேர்க்கும் ரிலே சுவிட்சை இயக்குவதும் சிறிய பேட்டரியே. அதனால்தான் சார்ஜரைச் செருகியும் பயனில்லாமல் போயிற்று.

நம் பாஷையில் சொன்னால், பெட்டகத்தில் லட்ச ரூபாய் இருக்கிறது; பெட்டகத்தின் சாவியோ கல்லாவுக்குள் இருக்கிறது; கல்லாச் சாவி தொலைந்துவிட்டது. பணம் இல்லாததால் வந்த முடக்கம் அல்ல இது. பணத்தை எடுக்க வழி இல்லாததால் வந்த முடக்கம்.

சிறிய பேட்டரி ஏன் இறங்குகிறது?

கார் ஓடும்போதும் சார்ஜ் ஏறும்போதும், பெரிய பேட்டரியின் உயர் அழுத்த மின்சாரத்தை 12 வோல்ட் அளவுக்குக் குறைத்துச் சிறிய பேட்டரிக்கு ஊட்டும் கருவி ஒன்று உள்ளே இருக்கிறது. நிறுத்தி வைத்திருக்கும்போதும் பல கார்கள் அவ்வப்போது தாமே விழித்து இப்படி ஊட்டிக்கொள்ளும். ஆனால் எல்லாக் கார்களும் அப்படிச் செய்வதில்லை. பேட்டரி பழசாகிவிட்டால் ஊட்டியும் நிற்காது.

நம் காரில் நடந்த தப்பு என்ன? வெளியில் ஒரு கடையில் முன்கண்ணாடிக் கேமரா ஒன்றை மாட்டியிருந்தோம். வண்டி நிற்கும்போதும் அது ஓடிக்கொண்டே இருந்தது. கால் ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் கூட ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி. ஒன்பது நாளைக்கு 54. பேட்டரியில் இருப்பதோ 40. வரவு இல்லாமல் செலவு மட்டும் நடந்தால் எந்தக் கடை நிற்கும்?

இதைத் தவிர வெயிலும் ஒரு காரணம். ஈயம்-அமில பேட்டரியின் ஆயுள் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டு. நம் ஊர் வெக்கையில் அது குறையும். பெட்ரோல் காரில் பேட்டரி பலவீனமானால் காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறும், நாமும் புரிந்துகொள்வோம். மின்சாரக் காரில் அந்தத் திணறல் கிடையாது. நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி இன்று மௌனமாகிவிடும்.

கதவைத் திறக்கும் முறை

1. முதலில் சாவியின் செல்லைச் சந்தேகியுங்கள். காரில் வேறு ஏதாவது விளக்கு எரிந்தாலோ, இன்னொரு சாவிக்குக் கதவு திறந்தாலோ, குற்றம் செல்லில்தான். பல சாவிகளில் இருப்பது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பொத்தான் செல். கடிகாரக் கடையில் கிடைக்கும்.

2. காரில் எந்த அசைவும் இல்லையென்றால் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். சாவியின் பக்கத்திலோ பின்புறத்திலோ உள்ள பித்தானைத் தள்ளி, உள்ளே இருக்கும் இரும்புச் சாவியை வெளியே எடுங்கள்.

3. டிரைவர் பக்கக் கதவில் துவாரத்தைத் தேடுங்கள். சில கார்களில் கண்ணுக்குத் தெரியும். சிலவற்றில் கைப்பிடியின் ஓரத்தில் உள்ள மூடிக்குள் ஒளிந்திருக்கும். மூடியின் அடியில் சிறு பிளவு இருக்கும்; சாவி முனையை அதில் வைத்து மெதுவாக நெம்ப வேண்டும். கைப்பிடி கதவோடு அமுங்கியிருக்கும் மாதிரியானால், ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்பும்.

4. சாவியை முழுவதும் செருகித் திருப்புங்கள். நெடுநாள் திறக்காத துவாரம் இறுக்கமாக இருக்கும். மூர்க்கமாகத் திருகினால் சாவி ஒடிந்துவிடும். இந்த முறையில் பெரும்பாலும் அந்த ஒரு கதவு மட்டுமே திறக்கும். பின் டிக்கி மின்சாரத்தில் இயங்குவதால் திறக்காது.

5. சாவித் துவாரமே இல்லாத கார்களும் உண்டு. 2025 ஜூலையில் மும்பையில் விற்பனையைத் தொடங்கிய டெஸ்லா அந்த வகை. அதன் மாடல் 3, மாடல் ஒய் கார்களில் முன்பம்பரில், இழுவைக் கொக்கி மாட்டும் இடத்தை மறைக்கும் சிறு மூடி இருக்கிறது. அதற்குள் சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்கள். வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் முன்மூடி திறக்கும். பிறகு உள்ளே இருக்கும் பேட்டரிக்கு மின்சாரம் கொடுத்துத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

வண்டிக்கு உயிர் கொடுக்கும் முறை

கதவு திறந்ததும் உள்ளே இருக்கும் நெம்புகோலை இழுத்து முன்மூடியைத் திறக்கலாம். சிறிய பேட்டரி பெரும்பாலான கார்களில் அங்கேதான் இருக்கிறது. எங்கே வயர் கொடுக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரக் காரில் ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. கம்ப்யூட்டரும் ரிலேயும் விழித்தால் போதும். எனவே அதிக மின்சாரம் தேவையில்லை. கைக்கு அடக்கமான 12 வோல்ட் பூஸ்டர் ஒன்றே போதுமானது. அது இல்லாவிட்டால் 12 வோல்ட் பேட்டரி உள்ள இன்னொரு கார் அல்லது சிறு லோடு வண்டி உதவும்.

சிவப்பு வயரை இறங்கிய பேட்டரியின் கூட்டல் முனையில் கொடுத்து, மறுமுனையை நல்ல பேட்டரியின் கூட்டல் முனையில் கொடுக்க வேண்டும். கறுப்பு வயரை நல்ல பேட்டரியின் கழித்தல் முனையில் கொடுத்து, அதன் கடைசி முனையை மட்டும் நம் காரின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்ட வேண்டும். சில நிமிடம் பொறுத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் திரையில் ‘ரெடி’ என்று வரும். அதன்பின் மாட்டிய வரிசைக்கு நேர் எதிராக வயர்களைக் கழற்றுங்கள். ஒரு மணி நேரமாவது வண்டியை அந்த ‘ரெடி’ நிலையிலேயே வைத்திருந்தால் பெரியது சின்னதற்குச் சோறு ஊட்டிவிடும்.

செய்யக் கூடாதவை

ஒன்று: லாரி பேட்டரியிலிருந்து ஒருபோதும் வயர் கொடுக்காதீர்கள். நம் கிட்டங்கி வாசலில் எப்போதும் லாரி நிற்கும். அவசரத்தில் அதுதான் கண்ணில் படும். பெரிய லாரிகளில் இருப்பது 24 வோல்ட். காரின் கம்ப்யூட்டர்கள் கருகிவிடும்.

இரண்டு: ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடாதீர்கள். அது உயிரைக் குடிக்கும் உயர் அழுத்தம்.

மூன்று: நம் மின்சாரக் காரிலிருந்து மற்றவர் வண்டியை ஸ்டார்ட் செய்ய வயர் கொடுக்கக் கூடாது என்று பல கையேடுகள் கண்டிப்பாகச் சொல்கின்றன. பரோபகாரம் நல்லதுதான், கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

நான்கு: வண்டியைக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழலும். மேடை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

ஐந்து: வேலை முடியும் வரை சாவியைக் காருக்குள் வைக்காதீர்கள், திறந்த கதவைச் சாத்தாதீர்கள்.

உள்ளே குழந்தை இருந்தால்

இதுவரை சொன்னது பணநஷ்டம். இனிச் சொல்வது அதைவிடப் பெரியது.

2024 ஜூன் மாதம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு பாட்டி, 20 மாதப் பேத்தியை டெஸ்லா மாடல் ஒய் காரின் பின் இருக்கையில் உட்காரவைத்துப் பட்டி கட்டிவிட்டு, கதவைச் சாத்தி முன்பக்கம் வந்தார். அந்த இடைவெளியில் சிறிய பேட்டரி செத்துவிட்டது. எந்தக் கதவும் திறக்கவில்லை. வெளியே அரிசோனா வெயில். தீயணைப்புப் படையினர் வந்து கண்ணாடியை உடைத்துத்தான் குழந்தையை மீட்டார்கள். 2025 செப்டம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், 2021-ஆம் ஆண்டு மாடல் ஒய் கார்கள் சுமார் 1,74,000 பற்றி இதே குறைக்காக விசாரணை தொடங்கியது. புகார் கொடுத்த பெற்றோர்களில் சிலர் தாங்களே கண்ணாடியை உடைத்துப் பிள்ளையை எடுத்திருக்கிறார்கள். எல்லாக் கதவுகளுக்கும் மின்சாரம் இல்லாமல் திறக்கும் வழி இருந்தாக வேண்டும் என்று சீன அரசு கட்டாய விதி கொண்டுவந்து, 2027 ஜனவரி 1 முதல் அமலுக்கு வரும் என்று அறிவித்திருக்கிறது.

பூட்டிய கார் வெயிலில் நின்றால் உள்ளே 10 நிமிடத்தில் சுமார் 10 டிகிரி சூடு ஏறும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். எனவே உள்ளே குழந்தையோ, தாமே இறங்க முடியாத முதியவரோ இருந்தால், இரும்புச் சாவியால் உடனே திறக்கப் பாருங்கள். சாவி கையில் இல்லையென்றால், பூட்டுக்காரருக்கோ கம்பெனி ஆளுக்கோ காத்திருக்காதீர்கள். 112-க்கு ஒருவரைப் பேசச் சொல்லிவிட்டு, குழந்தைக்குத் தூரமாக உள்ள பக்கக் கண்ணாடியின் மூலையில் கூர்மையான கனமான பொருளால் அடியுங்கள். நடுவில் அடித்தால் எளிதில் உடையாது. முன்கண்ணாடியை உடைத்து நேரத்தை வீணாக்காதீர்கள். அது இரண்டு தகடுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது. கண்ணாடி கடையில் கிடைக்கும்.

வருமுன் காக்க

அந்த நாளுக்குப் பிறகு நம் கடையில் சில பழக்கங்களை ஏற்படுத்தியிருக்கிறோம்.

இரும்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறக்கும் விதத்தை வீட்டில் எல்லோருக்கும், கணக்குப்பிள்ளைக்கும், டிரைவருக்கும் காட்டியாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறோம்.

வருடம் ஒருமுறை சிறிய பேட்டரியைச் சோதிக்கிறோம். வண்டி சும்மா நின்றபின் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது. மூன்று வருடம் ஆன பேட்டரியைச் செத்த பிறகு மாற்றுவதைவிட, சாகுமுன் மாற்றுவது மலிவு.

கேமராவின் இணைப்பை, வண்டியை அணைத்தால் அதுவும் அணையும்படி மாற்றினோம். ஊருக்குப் போவதாக இருந்தால், எத்தனை நாள் நிற்கலாம், அதற்குமுன் என்ன செய்ய வேண்டும் என்று கையேட்டில் பார்த்தபிறகே கிளம்புகிறோம்.

பூஸ்டரை வாங்கி வைத்தோம். காருக்குள் அல்ல, கிட்டங்கி அலமாரியில்! பூட்டிய காருக்குள் இருக்கும் பூஸ்டரால் என்ன பிரயோஜனம்? காசோலைப் புத்தகமும் இப்போது கடைப் பெட்டகத்தில்தான் இருக்கிறது.

சாதாரணச் சாவி போட்டுத் திறக்கும் மின்சார லோடு வண்டி வைத்திருப்பவர்கள், நமக்கு இந்தத் தொல்லை இல்லை என்று இருந்துவிட வேண்டாம். கதவு திறக்கும், ஆனால் சிறிய பேட்டரி செத்தால் வண்டி நகராது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடித்ததும் இதழை மூடி வைத்துவிட்டு, உங்கள் கார்ச் சாவியைக் கையில் எடுங்கள். அந்தச் சிறு பித்தானைத் தேடுங்கள். உள்ளே இருக்கும் சாவியை இழுத்து, கார் அருகே போய், துவாரத்தில் போட்டுத் திருப்பிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. நமக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் மூட்டை இறக்க வந்த ஒரு தம்பி. காலையிலேயே அவரைக் கேட்டிருந்தால் பருப்பு பழைய விலைக்கே வந்திருக்கும். நம்மிடம் வேலை செய்பவர்களுக்கும் நமக்குத் தெரியாதது தெரிந்திருக்கும். கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை. இதுவும் அன்றைக்கு நாம் கற்ற பாடமே.

வாழ்க வணிகர் ஒற்றுமை! வளர்க வணிகம்!